ஏழாம் சுரங்கத்துக்குத் தண்ணீர்

கார்த்திகை 2, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: குருவம்மாளாகிய நான். என் மகன் சௌந்தரபாண்டி. அவன் பெண்டாட்டி பூங்கோதை. ஒன்பதாவது படிக்கிற பேத்தி மகிழா. கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருந்த என் நாத்தனார் ராமுத்தாய். என் கல்யாணப் பந்தியில் "பொண்ணு கொஞ்சம் பொகைஞ்ச நெறந்தான்" என்று இலை போட்டவனிடம் சொன்னாளே, அந்த ராமுத்தாயேதான்.

இத்தனை பேர் சாட்சியாகச் சொன்னேன். தைப் பொங்கல் வரைக்கும்தான் டயாலிசிஸுக்குப் போவேன். பொங்கல் பானை இறக்கினதும் நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் பத்து நாளோ பதினைந்து நாளோதான் தாங்கும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மகிழா அழுதாள். சௌந்தரபாண்டி சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான். ராமுத்தாய், "மதினி எப்பவுமே இப்படித்தான், நெனச்சதச் சாதிப்பாக" என்று முறுக்கைக் கடித்தாள். கோதை மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

"சரி அத்தை. ஆனா பொங்கல் வரைக்கும் ஒரு நாள்கூட விடாம வரணும். கால் இழுக்குது, தல சுத்துதுன்னு சொல்லக் கூடாது. சம்மதமா?"

மாமியார் சாகப்போகிறேன் என்கிறேன், இவள் பேரம் பேசுகிறாள். சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி ஜான்சி சிஸ்டர், நான் தினமும் குடிக்கிற தண்ணீரை எழுதி வைக்கச் சொன்னதால்தான் இந்த நோட்டு. நான் ஐந்தாவது வரைக்கும். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று என் சித்தி ஒச்சம்மாள் நிறுத்திப்போட்டாள். இல்லாவிட்டால் எட்டாவதாவது தாண்டியிருப்பேன்.

தண்ணீர்: அளவுக்குள்.

கார்த்திகை 4, செவ்வாய்

செவ்வாய், வியாழன், சனி என்றால் ஆஸ்பத்திரி. கோதை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுபோவாள். போனதும் எடை பார்ப்பார்கள். எத்தனை கிலோ கூடியிருக்கிறேனோ அவ்வளவும் குடித்த தண்ணீர் என்று அர்த்தம், அங்கே பொய் சொல்ல வழியில்லை. இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் சுத்தமாகி உள்ளே வரும். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது.

எப்போதும் ஒரு மாத நாவலை எடுத்துப்போவேன். மெலிசாக இருக்கும், மடித்து ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம். மூத்த மருமகள் இளைய மருமகளுக்கு விஷம் வைக்கிற மாதிரிக் கதைகள் எனக்குப் பிடிக்கும். யார் செய்ததற்கு யார் அனுபவித்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் கணக்குத் தீர்ந்திருக்கும். இன்று மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

கோதை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தடிமனாக ஒரு புத்தகம் படித்தாள். படித்துக்கொண்டே சிரித்தாள்.

இதை எழுதிவிடுகிறேன். நான் இவளோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் இல்லை, நானே எழுந்துபோய் மொண்டுகொள்வேன். முந்தின வருஷம் பங்குனியில், மகன் கிட்னி கொடுத்தால் நன்றாகப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னார். சௌந்தரபாண்டி சரி என்றுதான் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், மில்லிலிருந்து வந்து கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "கோதை வேணாங்கறாம்மா. அவுக வீட்லயும் பயப்படுறாக" என்றான். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான்.

ஆனாலும் இன்று அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"என்னத்தப் பாத்துச் சிரிக்க?"

"மகிழா புக்கு அத்தை. பொறந்தநாளுக்கு அவ மாமா வாங்கிக் குடுத்தது. அவ படிக்கலாமா என்னான்னு பாக்கறேன். செவ்வாய்க் கிரகத்துல நடக்கற கதை."

"சின்னப் பிள்ளைக புஸ்தகமா?"

"பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு."

பக்கத்துக் கட்டில் அபுபக்கர் ராவுத்தர், பிரியாணிக் கடை வைத்திருந்தவர், கண்ணை மூடியபடியே, "சத்தமா வாசிம்மா, நானும் கேக்கறேன். நாலு மணி நேரமா இந்த மிசின் சத்தத்தையே கேக்கறதுக்கு" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

தண்ணீர்: அளவுக்குள்.

கார்த்திகை 6, வியாழன்

புத்தகத்தின் பேர் 'செம்புழுதி'. செவ்வாய்க்குப் போய்க் குடியிருக்கிறார்கள். வெளியே மூச்சுவிட முடியாது என்பதால் எலி மாதிரி மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு நம்பர். நேயா என்று ஒரு பிள்ளை. அங்கேயே பிறந்தவள். பனிக்கட்டியை உருக்கி அனுப்புகிற குழாய்க்குள் ஊர்ந்துபோய் அடைப்பு எடுக்கிற வேலை.

எனக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லி நாலு வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். திருமங்கலத்து ஜோசியன் சங்கரலிங்கம் சொன்னது. செவ்வாயிலேயே பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டேன். கோதை படிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். ராவுத்தர், "அங்க பூமி தோஷம்னு ஒண்ணு இருக்கும்க்கா" என்றார். ஜான்சி சிஸ்டர் வந்து, சிரித்தால் பி.பி. மாறுகிறது, மெதுவாகச் சிரியுங்கள் என்றாள்.

கதை எனக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை எவரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. சமையல் கிடையாது, மாத்திரை மாதிரி எதையோ சாப்பிடுகிறார்கள். ஒரு இயந்திரத்துக்குக் 'குப்பை' என்று பேர் வைத்து அதோடு பேசுகிறாள்.

ஒன்று மட்டும் சரியாக எழுதியிருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கையில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். குடிக்கக் குடிக்க அதில் கோடு இறங்கும். கடைசி வாயை நேயா விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறாள். அது எனக்குத் தெரியும். இதை எழுதின பிள்ளை யாரையாவது பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர்: அளவுக்குள். ஒரு வாய் நாக்குக்கு அடியில்.

கார்த்திகை 7, வெள்ளி

மகிழா புத்தகத்தைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

கார்த்திகை 11, செவ்வாய்

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அலறியிருப்பேன், ஆனால் நேயா குழாய்க்குள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட இடம். அப்போது கத்தினால் ஜான்சி சிஸ்டர் ஓடிவருவாள், வாசிப்பு நின்றுபோகும். பல்லைக் கடித்துக்கொண்டேன். கோதை ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் என் கால் கட்டைவிரலை மடக்கி அழுத்தினாள். வாசிப்பை நிறுத்தவில்லை. இழுப்பு விட்டது.

அவளுக்கு எப்படித் தெரிந்தது எனக்கு எங்கே இழுக்கிறதென்று? நான் சொல்லவேயில்லை.

அந்தப் பிள்ளையும் வெளியே வந்துவிட்டாள். பின்பக்கமாகவே ஊர்ந்து.

தண்ணீர்: கொஞ்சம் கூடுதல்.

கார்த்திகை 15, சனி

ராவுத்தர் இன்று ஒன்பது மணிக்கே வந்து படுத்துக்கொண்டார். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், "ஏழாம் சுரங்கத்துக்குத் தண்ணி வந்துச்சா இல்லியான்னு தெரியாம ராத்திரி தூக்கமே இல்லக்கா" என்கிறார். ஏழாம் சுரங்கம் என்பது கடைசிச் சுரங்கம். பழைய ஆட்கள், நோயாளிகள், அங்கே வேலைக்கு ஆகாதவர்கள் இருக்கிற இடம். பத்து நாளாக அங்கே தண்ணீர் போகவில்லை. ஏன் என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

வேலைக்கு ஆகாதவர்கள் என்று அந்தப் புத்தகத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. கோதை அந்த வரியை விழுங்கிவிட்டுப் படித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கார்த்திகை 16, ஞாயிறு

நானே படிக்கலாமென்று உட்கார்ந்தேன். விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி. மூக்குக்கண்ணாடி வழுக்குகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு உலை கொதித்துவிடும். அடுப்பில் வைத்திருந்த பருப்பு அடிப்பிடித்தது. சௌந்தரபாண்டி வாசனை பிடித்து வந்து, "என்னம்மா இது, விண்வெளியெல்லாம் படிக்க?" என்று சிரித்தான். "உனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளாவது வந்து கேட்டிருந்தால் புரிந்திருக்கும். அவனுக்கு அந்த வாடை ஆகாது. மயக்கம் வரும். சின்ன வயசிலிருந்தே ரத்தம் என்றால் பயம். அது அவன் தப்பில்லை.

கார்த்திகை 20, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் குடியிருப்புக்குத் தலைவன் கதிரோன் என்று ஒருவன். ஒலிபெருக்கியில் பேசுகிறான். கோதை வாசித்தாள்: "ஏழாம் சுரங்கத்து மக்கள் தாங்களாகவே தண்ணீர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய முடிவை நாம் மதிக்க வேண்டும்."

"பொய்" என்றேன். "தண்ணி வேணாம்னு எவளாவது சொல்லுவாளா? அவுக வாயிலருந்து கேட்டானா ஒருத்தனாச்சும்?"

"அவங்ககிட்டப் பேசறதுக்கு மிசினே இல்லியேக்கா" என்றார் ராவுத்தர். "போன அத்தியாயத்துலயே கதிரோன் பிடுங்கிட்டான்ல."

"அதத்தான் சொல்றேன். பேச முடியாதவுக வாயில தான் நெனச்சத வச்சுப் பேசறான். கேக்கற ஊரும் சரி சரின்னு தலையாட்டுது. போய்க் கேட்டா என்ன? வாசல் வரைக்கும் போய், என்னப்பா, நெசமாவே வேணாம்னீகளான்னு ஒரு வார்த்தை கேட்டா நாக்கு தேஞ்சா போகும்?"

கோதை வாசிக்கவில்லை. பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நிறுத்திட்ட?"

"வரி தவறிப்போச்சு அத்தை."

தவறவில்லை. விரல் அந்த வரி மேல்தான் இருந்தது. அப்புறம் எழுந்து வெளியே போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

தண்ணீர்: அளவுக்குள்.

கார்த்திகை 28, வெள்ளி

திருக்கார்த்திகை. வாசலில் மகிழாவும் கோதையும் விளக்கு வைத்தார்கள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, கோதை திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருந்தாள். சௌந்தரபாண்டி அப்பம் வாங்கி வந்தான். வெல்லம் எனக்கு ஆகாது, மோந்து பார்த்தேன்.

நேயா ஏழாம் சுரங்கத்துக்குப் பழைய குழாய் வழியாகப் போகப்போகிறாள். குழாய்க்குள் காற்று பாதி தூரத்துக்குத்தான் வரும். போகிறேன் என்றுவிட்டாள். அழவில்லை, சபதம் போடவில்லை. குப்பையிடம், "நீ இங்கேயே இரு, என் வேலையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நுழைந்துவிட்டாள். பிடித்திருக்கிறது.

மார்கழி 7, ஞாயிறு

கோதை அவள் அம்மாவைப் பார்க்கக் காரியாபட்டிக்குப் போயிருந்தாள், மகிழாவையும் கூட்டிக்கொண்டு. சௌந்தரபாண்டி வெளியே போய்விட்டுச் செவ்விளநீர் வாங்கிக்கொண்டு வந்தான். வாசலிலேயே சீவி, ஸ்ட்ரா போட்டு, என் கையில் கொடுத்தான்.

"குடும்மா. ஒடம்புக்குக் குளிர்ச்சி. நோயாளிக்கு இதவிட என்ன வேணும்?"

யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நம் ஊரில் இளநீரோடுதான் போவோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே குவித்து வைத்து விற்கிறான். ஆனால் கிட்னி போனவர்களுக்கு அது விஷம். பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்றுபோகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கூட வந்தவர்களையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். கூட வந்தது கோதை.

எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குடித்தேன். மகன் சீவிக் கொடுக்கிறான், நாக்கு காய்ந்து கிடக்கிறது, எப்படியும் பொங்கலோடு போகிற உயிர். இரண்டாவதையும் குடித்தேன். வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தான், அதையும் தின்றேன். நன்றாயிருந்தது.

தண்ணீர்: எழுதவில்லை.

மார்கழி 10, புதன்

நேற்றும் முந்தின நாளும் எழுத முடியவில்லை. இன்றுதான் விரல் பேனாவைப் பிடிக்கிறது.

திங்கள் காலை எழுந்தால் கால் என்னுடையது மாதிரி இல்லை. வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. நெஞ்சு, கூண்டில் மாட்டின குருவி மாதிரி அடித்து, நின்று, அடித்தது. விடிகாலை பஸ்ஸில் ஊரிலிருந்து வந்திறங்கியிருந்த கோதை என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டாள். சௌந்தரபாண்டியும் வந்தான், வேறு வழியில்லாமல். முறை இல்லாத நாளிலேயே மிசினில் போட்டார்கள். கழுத்தில் ஊசி, நெஞ்சில் ஒயர்.

அங்கே நான் சாகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. ஒன்று எழுதுகிறேன், யாரும் சிரிக்க வேண்டாம். அந்த நேரத்தில் சாமி வரவில்லை. என் வீட்டுக்காரர் வரவில்லை. குழாய்க்குள் பாதியில் போகிற அந்தப் பிள்ளைதான் வந்தாள். அவள் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமல் போகப்போகிறோமே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் மூச்சை இழுத்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் காது கேட்டது. டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்: "என்ன சாப்பிட்டாங்க? பழமா, இளநீரா? யார் கொடுத்தது?"

சௌந்தரபாண்டி சொன்னான்: "வீட்ல சாப்பாடெல்லாம் இவதான் சார் பாத்துக்கறா. தெரியாமக் குடுத்திருப்பா."

கோதை ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே இல்லை. ஆஸ்பத்திரிப் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்து, "படிச்சவங்கதானே நீங்க? எத்தனை தடவை சொல்லியிருக்கோம்?" என்று திட்டினார். அதையும் கேட்டுக்கொண்டாள்.

நான் என் மகனைத்தான் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னான். முந்தின வருஷம் பங்குனி வெள்ளிக்கிழமை, கேட் பக்கத்தில் நின்று, "கோதை வேணாங்கறாம்மா" என்றபோதும் அவன் பார்த்தது அந்த நகத்தைத்தான்.

எனக்கு எதுவும் மறக்காது. ஆனால் அதை இத்தனை நாளாக நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மார்கழி 11, வியாழன்

மிசினில் போட்டதும் கோதையை மருந்து வாங்க அனுப்பிவிட்டு ஜான்சி சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டரு, எனக்குக் கிட்னி குடுக்க எம் மகன் டெஸ்டுக்கு வந்தானா?"

"மகனா?" என்றாள். "உங்க மகனை நான் பாத்ததே திங்கட்கிழமைதான் பாட்டி. மருமகதான் வந்தாங்க. நான்தான் ரத்தம் எடுத்தேன். குரூப் சேரல. மருமக குடுக்கறதுக்கு மேல வேற அனுமதியெல்லாம் வாங்கணும், கஷ்டம்னு சொன்னோம். அதெல்லாம் வாங்கிக்கறேன், முதல்ல ரத்தத்தப் பாருங்கன்னு நின்னாங்க. சேரலேன்னதும் அந்தா, அந்த பெஞ்சுலதான் உக்காந்து அழுதாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன்.

ராவுத்தர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

கோதை மருந்தோடு வந்தாள். வெயிலில் வந்ததில் கழுத்தெல்லாம் வேர்வை. மாத்திரை போட ஒரு மூடி தண்ணீர் கொண்டுவந்து, எப்போதும் போல மேசைமேல் வைக்கப்போனாள். நான் கையை நீட்டினேன். கொடுத்தாள். குடித்தேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"அவரு மூணு நாளு சாப்பிடல அத்தை. நான் பயந்தேன்னு அம்மாகிட்டச் சொல்லிராதன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் எம்மேல சொல்லிட்டாருன்னு நீங்க மொகத்தத் திருப்பின பிறகுதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சொன்னா நீங்க நம்பியிருப்பீகளா?"

நம்பியிருக்க மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "எந்தப் பக்கத்துல விட்டோம், வாசி" என்றேன்.

நேயா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏழாம் சுரங்கத்தில் பாதிப் பேர் இருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் ஒரு கிழவி கேட்கிறாள்: "நாங்கள் வேண்டாமென்று சொன்னதாக அங்கே சொன்னார்களா?" நேயா, "ஆமாம்" என்கிறாள். "நீ நம்பினாயா?" என்கிறாள் கிழவி. கோதை அதை நிறுத்தாமல் வாசித்தாள்.

தண்ணீர்: அளவுக்குள்.

மார்கழி 14, ஞாயிறு

சோறு போட்டு, அவன் சாப்பிட்டுக் கை கழுவினதும் கேட்டேன். கோதையும் மகிழாவும் இருக்கும்போதே கேட்டேன். சொன்னது பிள்ளைக்கும் கேட்கட்டும்.

"ரத்தம் குடுக்கப் போனியாடா?"

நகத்தைப் பார்த்தான்.

"அங்க பாக்காத. என்னப் பாரு."

"பயமா இருந்துச்சும்மா."

"பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. சின்னப் பிள்ளையில ஊசி போடப் போனா மூணு தெரு தாண்டி ஓடுவ, எனக்குத் தெரியாதா? அம்மா, எனக்குப் பயமா இருக்குன்னு நீ சொல்லியிருந்தா, போடா பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டு உனக்குத் தோசை சுட்டிருப்பேன். வயித்துல பெத்தவ பிள்ளைகிட்ட உறுப்பு கேப்பாளா? ஆனா அவ தலையில தூக்கி வச்சியே, அது எதுக்கு? இளநியையும் அவ தலையில வச்சியே, அது எதுக்கு?"

"நீ என்னை வெறுத்துருவியோன்னு…"

"அதுக்குப் பதிலா அவள வெறுக்க விட்ட. பக்கத்துலயே இருந்து தினம் பாத்துக்கிட்டிருந்த."

அழுதான். மகிழா எழுந்து போய் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோதை, "விடுங்க அத்தை, சாப்பிட்ட எடத்துல" என்றாள். விட்டேன், சாப்பிட்ட இடம் என்பதால்.

மார்கழி 20, சனி

புத்தகம் முடிந்தது. முடிந்தது என்று சொல்லக் கூடாது. ஏமாற்றிவிட்டார்கள்.

ஏழாம் சுரங்கத்து மக்கள் பேசினதையெல்லாம் பதிவு பண்ணி எடுத்துக்கொண்டு நேயா குழாய் வழியாகத் திரும்புகிறாள். கதிரோனுக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னால் இருக்கிற கதவை மூடிவிட்டான். பின்னாலும் மூடுகிற சத்தம் கேட்கிறது. நடுவில் பிள்ளை. காற்று குறைகிறது. குரலை மட்டும் எப்படியாவது அனுப்பிவிடலாமா என்று குழாயின் சுவரில் காதை வைக்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், 'முதல் பாகம் முற்றும்' என்று போட்டிருக்கிறது.

"என்னது முற்றும்?" என்றேன்.

"ரெண்டாம் பாகம் வரும் அத்தை. ஆடி மாசம் வரும்னு பின்னாடி போட்டிருக்கு."

"ஆடி வரைக்கும் அந்தப் பிள்ளை குழாய்க்குள்ளயே கெடக்கணுமா?"

ராவுத்தருக்கு எனக்கு மேல் கோபம். பணம் கொடுத்து வாங்கின பிரியாணியில் பாதியோடு இலையை எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். அவள் தப்பிப்பாள் என்று அவரும், குரல்தான் தப்பும், அவள் தப்பமாட்டாள் என்று நானும் சண்டை போட்டோம். ஜான்சி சிஸ்டரையும் பஞ்சாயத்துக்கு இழுத்தோம். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் இத்தனை நாளாக, ஒரு வரி விடாமல்.

வரும் வழியில் கோதை வண்டியை மெதுவாக்கி, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஆடின்னா… பொங்கலுக்கு அப்புறம்ல அத்தை?"

"எனக்கு மாசம் வரிசை தெரியாதா?"

"இல்ல, கேட்டேன்."

"கடைக்காரன்கிட்ட இப்பவே சொல்லி வை. வந்த அன்னைக்கே வாங்கணும். மகிழா கையில மொதல்ல குடுத்துராத, அவ முடிவச் சொல்லிருவா."

வண்டி கொஞ்சம் ஆடியது. ரோடு சரியில்லை என்றாள் கோதை. அந்த ரோடு போன மாதம்தான் போட்டது.

தண்ணீர்: அளவுக்குள். இனி தினமும் அளவுக்குள்தான்.

மார்கழி 29, திங்கள்

போகி. பழைய பாய் ஒன்றும் என் மாத நாவல்கள் கொஞ்சமும் போட்டு எரித்தார்கள். நல்லதாக நாலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

தை 1, செவ்வாய்

பொங்கலும் செவ்வாயும் ஒன்றாக வந்துவிட்டது. பண்டிகைக்காக இன்று வேண்டாம், நாளைக்கு வரட்டுமா என்று கேட்கலாம் என்றான் சௌந்தரபாண்டி. பண்டிகையென்று கிட்னிக்குத் தெரியுமா என்று கேட்டேன். இருட்டோடு எழுந்து பானை வைத்தோம். பொங்கினது. கோதை குலவையிட்டாள். அவள் தொண்டை அவ்வளவு பெரிது என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. சர்க்கரைப் பொங்கலில் நான் நுனி விரலால் தொட்டது மட்டும்தான். பானையை இறக்கினதும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ராமுத்தாய்கூட வந்திருந்தாள், என்ன செய்கிறேன் என்று பார்க்க.

"வண்டிய எடு" என்று கோதையிடம் சொன்னேன்.

"நான் கொண்டுபோய் விடறேம்மா" என்று சௌந்தரபாண்டி சாவியை எடுத்தான். வேண்டாம் என்றேன். வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், அதன் காலர் மடங்கியிருந்ததைச் சரிபண்ணி விட்டேன். அதனால் ஏதோ நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"கோபம் போயிருச்சாம்மா?"

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் இன்று கூட்டமில்லை. ராவுத்தர் வீட்டிலிருந்து எங்களுக்காக உப்பில்லாத சேமியா வந்திருந்தது. கோதை 'செம்புழுதி'யை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள், ஆடி வரைக்கும் சும்மா இருக்க முடியாதென்று. வலது கை சும்மாதான் இருக்கிறது, அதனால் இதை இங்கேயே எழுதுகிறேன்.

அவனுக்குச் சோறு போடுவேன். காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போடுவேன். ஆடியிலும் போடுவேன், அதற்கு அடுத்த ஆடியிலும் போடுவேன், அதுவரைக்கும் இருக்கத்தான் போகிறேன். ஆனால் அவன் காலரில் கை வைத்ததை மன்னிப்பு என்று அவன் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதிரோனைக்கூட இரண்டாம் பாகத்தில் அவன் நடந்துகொள்வதைப் பார்த்துவிட்டு யோசிப்பேன். மற்ற எல்லாரையும், சங்கரலிங்கம் ஜோசியன் முதற்கொண்டு, போகித் தீயில் போட்டுவிட்டேன். ஒருத்தனை மட்டும் போடவில்லை. நான் பெற்று, நானே தொட்டில் கட்டி, மூன்று முறை காதில் சொல்லி வைத்த பேர்: சௌந்தரபாண்டி.